கொல்லையில் ஒரு குமுட்டி அடுப்பு: புகையில் வாட்டும் பர்கருக்கு எது ஏற்றது?

புகையில் வாட்டிய பர்கரை வீட்டில் செய்ய நினைப்பவர் கையில் முதலில் கிடைப்பது அமெரிக்கச் செய்முறைதான். ஹிக்கரி, ஆப்பிள், மெஸ்கீட் என்று நமக்குப் பழக்கமில்லாத மரங்களை அது கேட்கும்; மூடி போட்ட பெரிய இரும்பு அடுப்பு ஒன்றையும் கேட்கும். தஞ்சாவூர்க் கடைத்தெருவில் இவற்றைத் தேடி அலுத்தவர்கள், ஒரு கரித்துண்டில் நெய் விட்டு மூடிவைத்து, இதுதான் புகை என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். இவ்வளவு சிரமமும் வேண்டாம், இந்தச் சமாதானமும் வேண்டாம். சூட்டுக்கு ஒரு பொருள், புகைக்கு வேறொரு பொருள் என்று பிரித்து யோசித்தால் காவிரிப் படுகையின் எந்த வீட்டிலும் நல்ல புகை பர்கர் செய்யலாம். தேவையான இரண்டும் தென்னையிலிருந்தே கிடைக்கின்றன: கொட்டாங்குச்சிக் கரியும் உரிமட்டையும்.

இப்படிப் பிரிப்பது ஏன் என்பதற்கு விறகின் இயல்பே விடை சொல்லும். விறகில் செல்லுலோசும் அதைச் சேர்ந்த மாவுப்பொருள்களும் ஒரு பக்கம், லிக்னின் மறுபக்கம். காற்றோட்டம் குறைந்த இடத்தில் விறகு கனியும்போது மாவுப்பொருள்கள் சிதைந்து கறிக்குப் பொன்னிறம் தருகின்றன. லிக்னின் சிதைந்து குவையகால், சிரிங்கால் போன்ற பொருள்கள் பிறக்கின்றன. நாம் ‘புகை மணம்’ என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். கரி என்பது இந்தப் பொருள்களெல்லாம் ஏற்கெனவே ஆவியாகிப் போன பிறகு எஞ்சி நிற்கும் கார்பன். அதனால்தான் நன்றாகக் கனிந்த கரியில் புகை ஏறக்குறைய வருவதே இல்லை. நீண்ட நேரம் நிதானமான சூடு தருவது அதன் பலம். மணம் தருவது அதன் வேலை இல்லை. பச்சை விறகை மட்டும் நம்பினாலோ சூடு ஏறி இறங்கும், புகை அளவு மீறும், கறி கசக்கும். ஒரே பொருளிடம் இரண்டு வேலையையும் கேட்பதுதான் வீட்டு முயற்சிகள் பல கெட்டுப்போகக் காரணம்.

புகைக்கு எதை எடுப்பது? நெல் விளையும் ஊரில் முதலில் கண்ணில் படுவது வைக்கோல். அது மெதுவாகக் கனியாது; குப்பென்று எரிந்து அடங்கிவிடும். பூச்சிமருந்து தெளித்த வயலின் வைக்கோலைச் சமையல் புகைக்கு எடுப்பதும் சரியில்லை. உமி அப்படி இல்லை, பொறுமையாகக் கனலும். தட்டார்கள் உமி அடுப்பை நம்பியது அதனால்தான். ஆனால் உமியின் எடையில் சுமார் 20 சதவீதம் சாம்பலாக நிற்கும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. மூடிய சட்டிக்குள் அந்தத் தூசி பறந்து கறியில் ஒட்டிக்கொள்ளும். கொய்யா, மாங்கிளைகள் நல்ல தேர்வு. கவாத்து செய்த கிளைகளை மாதக்கணக்கில் காயவைத்துச் சிறு துண்டாக வெட்டினால் மென்மையான இனிய புகை வரும். சீமைக்கருவேலம் டெக்சாஸ்காரர்கள் கொண்டாடும் மெஸ்கீட்டின் நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே பேரினம். ராமநாதபுரத்துக் கருவேலங்கரி சூட்டுக்கு அருமை. ஆனால் அதன் விறகுப் புகை காட்டமானது. மூடிய பாத்திரத்தில் அரை மணி நேரம் வைத்தால் கசப்பு ஏறும். எஞ்சியிருப்பது உரிமட்டை. தென்னை நாரில் லிக்னின் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. வைக்கோலில் அதில் பாதிகூட இல்லை. மட்டை சுடர் விடாமல் மெல்லக் கனிந்துகொண்டே இருக்கும். லட்சத்தீவில் சூரை மீனை வேகவைத்து மாசியாக்கும்போது தேங்காய் மட்டைப் புகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அது காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளும் இல்லை.

எதை எடுக்கக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். அரளி, எட்டி இரண்டும் நச்சு மரங்கள்; அவற்றின் குச்சி அடுப்புக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வளரும் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும். அதன் புகையும் ஆபத்து. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய கதவுச் சட்டம் ஆகியவற்றில் என்ன மருந்து ஏறியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த மரம் என்று தெரியாத விறகை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது முறை. வீட்டில் நான்கு வழிகள் உண்டு. தவாவில் சுட்ட கறி வட்டைகளை ஒரு சட்டியில் அடுக்கி, நடுவில் கிண்ணம் வைத்து, கனிந்த கரித்துண்டில் நெய் விட்டு ஐந்து நிமிடம் மூடுவது முதல் வழி. வடநாட்டில் இதை துங்கார் என்கிறார்கள். எளிது, மலிவு, ஆனால் வருவது நெய் கருகும் மணம், மரத்தின் மணம் அன்று. மேலோடு ஒட்டி, சாப்பிட்டு முடிப்பதற்குள் மங்கியும் விடும். அரிசி, தேயிலை, சர்க்கரை மூன்றையும் வாணலியில் கருக்கி அந்தப் புகையில் வாட்டும் சீன முறை இரண்டாவது. வாத்துக்கும் மீனுக்கும் அது அழகாகப் பொருந்தும். பர்கருக்குப் புகை லேசு. கேஸ் அடுப்பில் செய்வதால் சமையலறை முழுக்கப் புகை நிற்கும். அரிசியைக் கருக்க டெல்டா வீடுகளில் மனம் ஒப்பவும் ஒப்பாது. பாட்டிலில் வரும் திரவப் புகை மூன்றாவது. விறகுப் புகையைக் குளிரவைத்து, தாரை வடிகட்டி எடுப்பது அது. சில துளி போதும். தார் நீங்கியதால் ஆபத்து குறைவு என்று பலர் நம்பினார்கள். ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023 நவம்பரில் எட்டுவகைப் புகைச்சுவைப் பொருள்களைப் பற்றி மரபணுப் பாதிப்பு ஐயத்தை எழுப்பியது. மறு ஆண்டு அவற்றின் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் புதுப்பிக்கவில்லை. பாட்டில் என்பதாலேயே அதைப் பத்திரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நான்காவது வழி, கரியை ஓரத்தில் ஒதுக்கி, கறியை மறு ஓரத்தில் வைத்து, மூடிபோட்டு வாட்டுவது. இதில் மட்டும்தான் கறி வேகும்போதே புகையை வாங்குகிறது. குளிர்ந்த, ஈரமான பரப்பில்தான் புகை நன்றாகப் படியும். வெந்து காய்ந்த வட்டையில் பிறகு எவ்வளவு புகை போட்டாலும் அந்தப் பலன் வராது.

கறியைத் தேர்வதிலும் இதே கவனம் வேண்டும். பர்கருக்குக் கொழுப்பு ஏறத்தாழ 20 சதவீதம் வேண்டும். இல்லாவிட்டால் அரை மணி நேரப் புகையில் சக்கையாகிவிடும். வெள்ளாட்டுத் தொடைக்கறியும் எருமைக்கறியும் கொழுப்புக் குறைந்தவை. தனியாகக் கொழுப்புச் சேர்த்தே ஆக வேண்டும். செம்மறி இந்த வேலைக்கு ஏற்றது. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தைகளை ஓட்டிவரும் நாடு இது. செம்மறி இங்கே புதிதல்ல. தொடைக்கறி முக்கால் பங்கு, நெஞ்சுப் பக்கத்துக் கொழுப்புக்கறி கால் பங்கு என்று கேட்டு, கண்ணெதிரே கொத்தி வாங்க வேண்டும். செம்மறிக்கு வாடை அதிகம் என்பார்கள். உண்மைதான், ஆனால் புகையின் காட்டத்துக்கு ஈடு கொடுப்பதும் அந்த வாடைதான். செம்மறிக் கொழுப்பு ஆறினால் நாக்கில் பிசுக்கென்று ஒட்டும் என்பதால் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். கோலா உருண்டைக்குப் போடுவதுபோல் பொட்டுக்கடலை மாவும் தேங்காயும் சேர்க்க வேண்டாம். எண்ணெயில் பொரிக்கும் உருண்டைக்கு அவை உதவும்; புகையில் வாடும் வட்டையை வறட்சியாக்கும். உப்பையும் வட்டை தட்டிய பிறகே தூவ வேண்டும். முன்பே பிசைந்தால் கறி ரப்பர்போல் இறுகும்.

இனி அடுப்பு. வாய் அகன்ற குமுட்டி அடுப்பின் ஒரு பாதியில் மட்டும், சாம்பல் பூத்துச் சிவந்த கொட்டாங்குச்சிக் கரியை ஒதுக்க வேண்டும். மறுபாதியில் ஒரு தட்டில் தண்ணீர். மேலே கம்பி வலை. தண்ணீர்த் தட்டுக்கு நேர் மேலே உள்ள இடம், பிறகு வைக்கப்போகும் வட்டைகளுக்கு: ஒவ்வொன்றும் சுமார் 120 கிராம் எடை, இரண்டு சென்டிமீட்டர் கனம், நடுவில் கட்டைவிரலால் அமுக்கிய குழி. கைப்பிடி அளவு காய்ந்த உரிமட்டைத் துண்டுகளைக் கரியின் விளிம்பில் வைத்து, பெரிய வாணலியால் கவிழ்த்து மூடி, ஒரு ஓரத்தில் விரல் அளவு இடைவெளி விட வேண்டும். முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை திரண்டு வரும். அது தெளிந்து, மெல்லிய நீலம் கலந்த புகையாக மாறும் வரை கறியை உள்ளே வைக்கக் கூடாது. மட்டையின் ஈரமும் அரைகுறையாக எரிந்த கசடும் அந்த வெள்ளைப் புகையில்தான் வரும். உள்ளே 110 முதல் 120 டிகிரி இருந்தால் சுமார் 40 நிமிடத்தில் வட்டை வெளியே செம்பழுப்பாகி, தொட்டால் மெத்தென்று இருக்கும். பிறகு நன்றாகக் காய்ந்த இரும்புத் தவாவில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் சுட்டால் மேலே மொறுமொறுப்பு வரும். அதே தவாவில் வெண்ணெய் தடவிய பன்னையும் வாட்டிக்கொள்ளலாம்.

வெந்ததை நிறத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. புகையிலுள்ள நைட்ரஜன் வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்வதால் முழுதும் வெந்த வட்டையும் ஓரத்தில் இளஞ்சிவப்பாகவே இருக்கும். முழுத் துண்டுக் கறியில் கிருமி மேற்பரப்பில் இருக்கும்; கொத்துக்கறியில் உள்ளே வரை கலந்துவிடும். 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் நூற்றுக்கணக்கானோர் ஈ.கோலை தொற்றுக்கு ஆளானதும் குழந்தைகள் உயிரிழந்ததும் இதனால்தான். வட்டையின் நடுவில் 71 டிகிரி வர வேண்டும். கோழிக்கறி என்றால் 74. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். முதலில் வாங்க வேண்டியது அதுவே. சித்திரை, வைகாசி வெயிலில் கொத்துக்கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவும் கூடாது.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ரசத்திலும் பாயசத்திலும் புகை நாற்றம் வந்தால் கீழே கொட்டும் ஊரில், அதைத் தேடிப் போவது முறையா என்று கேட்கலாம். கொட்டுவது வேண்டாத இடத்தில், ஈர விறகிலிருந்து வந்த புகைக்காக. விறகடுப்புக் குழம்புக்கு ருசி அதிகம் என்று சொல்வதும் இதே ஊர்தான். அளவும் இடமும் சரியாக இருந்தால் புகையும் ஒரு மசாலா. இரண்டாவது, உடல்நலம். இந்த மறுப்பு கனமானது. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் வைத்தது. கொழுப்பு நெருப்பில் சொட்டி எழும் புகையிலும் மிகு சூட்டில் எரியும் விறகிலும்தான் பென்சோபைரீன் போன்ற நச்சுகள் கூடுகின்றன. தண்ணீர்த் தட்டும், ஓரத்தில் ஒதுக்கிய கரியும், சுடரில்லாத மட்டையும் அவற்றைக் குறைக்கவே. முழுதாக நீக்க முடியாது. ஆகவே இதை மாதம் ஒருமுறை விருந்தாக வைத்துக்கொள்வதே நியாயம். வாராந்தர உணவாக்க வேண்டாம்.

முடிவாக: கொல்லையோ மொட்டை மாடியோ இருப்பவர் குமுட்டி அடுப்பு, கொட்டாங்குச்சிக் கரி, உரிமட்டை, செம்மறிக்கறி என்ற சேர்க்கையை எடுங்கள். மட்டை கிடைக்காவிட்டால் கொய்யா. திறந்த இடமே இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர் தவாவில் வேகவைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து ஒரே ஒரு கரித்துண்டில் துங்கார் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு அதுதான் சரி. எந்த நிலையிலும் கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கரி கனியும்போது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.