தீப்பொறியின் காலம்

பெட்ரோல் எஞ்சின் ஓடுதற்குத் தீப்பொறி வேண்டுமென்பது யாவரும் அறிந்ததே. அப்பொறி எக்கணத்தே தோன்றல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஜெர்மானியராகிய நிக்கோலாஸ் ஓட்டோ 1876-இல் இயக்கிய நான்கு வீச்சு எஞ்சினில், உறிஞ்சல், அமுக்கல், எரிதல், புகைபோக்கல் என்னும் நான்கும் கிராங்குத்தண்டு இருமுறை சுழல்வதற்குள் நிகழும். பிஸ்டன் கலவையை அமுக்கி உச்சியடைந்த கணத்தே பொறி தோன்றினாற் போதாதோ எனின், போதாது. என்னை? கலவை முழுதும் ஒருங்கே எரிவதன்று. வைக்கோற்போரின் ஒரு மூலையில் வைத்த தீ மறுமூலை சேரக் காலம் வேண்டுமன்றோ? அதுபோலவே சுடர் பரவுதற்குங் காலம் வேண்டும். ஆதலின் பிஸ்டன் உச்சியடைதற்கு ஏறத்தாழ 20 பாகை முன்னரே பொறி தோன்றுமாறு அமைப்பர். நிமிடத்திற்கு 3,600 முறை சுழலும் எஞ்சினில் அந்த 20 பாகை கழியுங்காலம் ஒரு விநாடியில் ஆயிரத்திலொரு பங்கினுங் குறைவு! பொறி பிந்தினால் வலி குன்றும். முந்தினாலோ, எரிந்த வாயு ஏறும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். 1908 முதல் 1927 வரை செய்யப்பெற்ற போர்டு 'டி' காரில் பொறியைப் பிந்தச் செய்தற்கு ஒரு நெம்புகோல் இருந்தது. அதனை மறந்து கைப்பிடியைச் சுழற்றிக் கைமுறிந்தோர் பலர்.

சிறு எஞ்சின்களில் இக்காலத்தைக் காப்பது யாது? பிளைவீலின் விளிம்பிற் பதித்த காந்தம் ஒரு கம்பிச்சுருளைக் கடக்குங்கால் பொறி பிறக்கும். பிளைவீல் தண்டின்மேல் உரிய நிலையில் நிற்பதற்கு அடையாளமாவது, இடையிற் செருகிய ஒரு சிறு உலோகத்துண்டே.

சென்ற விடுமுறையில் எம்மூர்ப் பந்தாட்டத் திடலிற் புல்வெட்டும் எஞ்சினின் அலகு, மறைந்து கிடந்த கல்லொன்றில் மோதி நின்றது. பின்னர்ச் சிறிய தந்தையார் கயிற்றை இழுத்தபோதெல்லாம் அது அவர் கையைப் பின்னோக்கிப் பறித்தது. பெட்ரோலை மாற்றினோம், பிளக்கைத் துடைத்தோம், பயனில்லை. பிளைவீலைக் கழற்றியபோதே உண்மை விளங்கிற்று. தண்டு சட்டென நிற்க, கனத்த பிளைவீல் தன் வேகத்தால் முன்னே நகர்ந்து அத்துண்டைப் பாதி அறுத்திருந்தது. காந்தம் முந்தியது, பொறியும் முந்தியது. கையால் இழுக்குங்கால் சுழற்சி மெதுவாகலின், பிஸ்டன் உச்சியடையுமுன்னரே சுடர் பரவிவிட்டது.

புதிய துண்டு செருகிய பின், இரண்டாம் இழுப்பில் எஞ்சின் ஓடிற்று. சிறிய தந்தையாரின் விரல் வீக்கம் வடியப் பின்னும் மூன்று நாளாயின.