நாகையில் கப்பலா, திருச்சியில் விமானமா?

தஞ்சாவூர்ப் பக்கம் நாலு சிநேகிதர்கள் சேர்ந்து வெளிநாடு கிளம்புவதென்றால் பாஸ்போர்ட்டைத் தேடுவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் வயலைப் பார்க்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் பள்ளிக்கூட வாத்தியார், ஒருத்தனுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக்கடை, இன்னொருத்தன் ஒரத்தநாட்டுப் பக்கம் ஆறு ஏக்கர் சம்பா போடுகிறவன். வாத்தியாருக்கு லீவு உண்டு, கடைக்குத் தம்பி இருக்கிறான். நெல்லுக்கு யார் லீவு கொடுப்பது?

ஊர்வலம் பார்க்க வேண்டும், ரயிலில் போக வேண்டும், நாலு பேரும் சேர்ந்தே இருக்க வேண்டும். இதற்கு ஒத்துவருகிற பக்கத்து நாடுகள் மலேசியாவும் இலங்கையும்தான். சிங்கப்பூரைப் பலர் சொல்வார்கள். 1973இல் தொடங்கிய சிங்கே ஊர்வலம் அழகுதான். ஆனால் அந்தச் சின்னத் தீவில் எம்.ஆர்.டி.யில் ஏறி உட்காருவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். அதை ரயில் பயணம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மலேசியா என்றால் தைப்பூசம். திருச்சியிலிருந்து நேரே கோலாலம்பூருக்கு விமானம் இருக்கிறது, சுமார் நாலு மணி நேரம். பூசத்துக்கு முன்னிரவில் மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளித் தேர், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நகர்ந்து பத்துமலை போய்ச் சேர்கிறது. அங்கே 272 படி. வாசலில் நிற்கும் 140 அடி முருகனை நம் திருவாரூர்ச் சிற்பி தியாகராஜன் குழுவினர் செய்தார்கள். 2006 ஜனவரியில் திறந்தார்கள். பத்துமலை வாசலுக்கே கொம்யூட்டர் ரயில் போகிறது.

எனக்கு இதைவிடப் பினாங்கு பிடிக்கும். கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். மின்சார ரயிலேறினால் நாலு மணி நேரம் சொச்சத்தில் பட்டர்வொர்த். அங்கிருந்து படகில் கால் மணி நேரம் கடந்தால் ஜார்ஜ் டவுன். செட்டியார்களின் வெள்ளித் தேர் காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் கொண்டுபோனது. தேருக்கு முன்னால் தெருவிலே தேங்காய் உடைப்பார்கள் பாருங்கள், நம் ஊரில் நூற்றெட்டு உடைப்பதையே பெரிதாகப் பேசுகிறோம். அங்கே சிதறு தேங்காயை அள்ள இயந்திரம் வரும். தைப்பூசம் அங்கே பொது விடுமுறை என்பதால் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துபோகும். விமான டிக்கெட்டுக்கு முன்பே ரயில் இருக்கையைப் பிடித்துவிடுங்கள்.

ஒரே ஒரு தடங்கல். 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11இல் வந்தது, 2026இல் பிப்ரவரி 1. இங்கே அதுதான் சம்பா அறுவடை. அறுப்பு மெஷின் எப்போது வரும் என்று தெரியாமல் வரப்பில் காத்திருக்கிற நாட்கள் அவை. அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கும், பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், ஈரப்பதம் பார்ப்பார்கள். ஒரத்தநாட்டான் பத்துமலையில் நின்றாலும் மனசு களத்தில்தான் கிடக்கும். கூட்டத்தில் விவசாயி யாரும் இல்லையா? யோசிக்காமல் பினாங்கு போங்கள்.

இருக்கிறான் என்றால் ஆடி, ஆவணி. சம்பாவுக்கு நாற்று விட்டால் பறிக்க 25, 30 நாள் ஆகும். தண்ணீர் பார்க்க ஓர் ஆள் இருந்தால் ஒரு வாரம் நழுவலாம். அந்த மாதங்களில்தான் கண்டியில் எசல பெரஹெரா ஊர்வலம், யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா. இரண்டையும் முழுசாக ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். கண்டி ஊர்வலம் பௌர்ணமியை ஒட்டி முடிகிறது. நல்லூரின் 25 நாள் திருவிழாவில் தேர் 24ஆம் நாள், மறுநாள் தீர்த்தம், அது அமாவாசையை ஒட்டி வரும். இடையில் இரண்டு வாரம் ஓடிவிடும். கண்டியின் கடைசி இரவுகளை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு முன் நல்லூரில் ஏதாவது ஒரு மாலைத் திருவிழாவைப் பாருங்கள். நல்லூரில் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக முடியும், வேட்டி எடுத்துப் போங்கள்.

போகிற வழிதான் இதில் பெரிய சுகம். சென்னையில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போன போட் மெயில் காலத்தை 1964 டிசம்பர் புயல் முடித்துவைத்தது. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. சுமார் நாலு மணி நேரம். காங்கேசன்துறையிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. போரில் 1990இல் நின்ற பாதை 2015 ஜனவரியில்தான் அதுவரை திரும்பி வந்தது. கண்டிக்குப் போகக் கொழும்பு வரை இறங்க வேண்டியதில்லை. பொல்கஹவெல சந்திப்பில் வண்டி மாறினால் போதும். ரம்புக்கனை தாண்டி வண்டி மலையேறத் தொடங்கும். அப்போது சீட்டுக்கட்டை மூடிவைத்துவிட்டு ஜன்னலுக்கு வாருங்கள்.

கண்டியில் ஊர்வலம் பத்து இரவு. முதல் ஐந்து கும்பல் பெரஹெரா, பின் ஐந்து ரந்தோலி. ரந்தோலிக்குக் கூட்டமும் அதிகம், அறை வாடகையும் அதிகம். காசு கொடுத்தால் தெருவோர நாற்காலி, இல்லையென்றால் நண்பகலிலேயே நடைபாதையில் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டும். நாலு பேர் இருப்பது இங்கேதான் கைகொடுக்கும்: இரண்டு பேர் இடம் காக்க, இரண்டு பேர் சாப்பிட்டு வரலாம். இருட்டியதும் சாட்டை வீசுகிறவர்கள் முதலில் வருவார்கள். தீவட்டிகளில் எரிவது கொப்பரை, தெருவே எண்ணெய் மணக்கும். புத்தரின் புனிதப் பல் பேழையைச் சுமக்கும் யானை மண்ணை மிதிக்காமலிருக்க வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே போவார்கள். நம் கோயில் நடைபாவாடை அப்படியே! கடைசியில் வருவது பத்தினி தேவாலயத்து ஊர்வலம், அதில் மட்டும் பெண்கள் ஆடுவார்கள். பத்தினி என்றால் கண்ணகி. பூம்புகார்ப் பெண்ணைக் கண்டித் தெருவில் பார்க்கிறபோது டெல்டாக்காரனுக்கு ஒரு சிலிர்ப்பு வரத்தான் செய்யும்.

கூட நடக்க முடியாத பெரியவர்கள் வந்தால் கப்பலை விட்டுவிட்டுத் திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்துவிடுங்கள், ஒரு மணி நேரம்தான். 2025 நவம்பர் புயலில் இலங்கையின் மலைப்பாதை பலத்த சேதப்பட்டது. ரயிலில் கண்டிக்கோ, அதற்கு மேலே நானுஓயா, எல்ல வரையோ போக நினைத்தால் எந்தப் பகுதி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு திட்டமிடுங்கள். விசா விதிகளும் அடிக்கடி மாறுகின்றன.

எங்கள் கூட்டத்துக்கு என் ஓட்டு கண்டிக்கு. கப்பல் வானிலை பார்த்து ரத்தாவது உண்டு. முதல் நாள் சாயங்காலம் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு நாகை பஸ் ஏறுங்கள்.