பள்ளம் ஆழமாக இருந்தும் டயர் வழுக்குவது ஏன்?

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் தினமும் காரில் வேலைக்குச் செல்லும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். செலவைக் குறைக்க மலிவு விலையில் நான்கு டயர்களை மாற்றுகிறார். ‘புங்கா’ என்று நாம் சொல்லும் பள்ளங்கள் ஆழமாகவே உள்ளன. ஆனாலும் ஒருநாள் மாலை மழையில், கூட்டரசு நெடுஞ்சாலையில் பிரேக்கை மிதித்ததும் கார் வழுக்குகிறது. காரணம் என்ன?

பள்ளங்களின் வேலை, சாலையில் உள்ள நீரை வெளியேற்றுவது. நீர் வெளியேறாவிட்டால் டயர் அதன்மேல் மிதக்கும். ஸ்டேரிங்கும் பிரேக்கும் பயன்படாமல் போகும். அதனால்தான் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி.

ஆனால், ஆழம் மட்டும் போதாது. ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான் சாலையைத் தொடுகிறது. அந்த இடத்தில் ரப்பர் வளைந்துகொடுத்து, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பற்றிக்கொள்ள வேண்டும். இறுகிய ரப்பரால் அது முடியாது.

ரப்பர் ஏன் இறுகுகிறது? நம் முன்னோர் தோட்டங்களில் சீவிய பால்மரத்தின் பாலில் இருப்பவை நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டறிந்தார். கந்தகம் அச்சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. டயர் ரப்பரும் இவ்வாறே பதப்படுத்தப்படுகிறது.

காலப்போக்கில் வெப்பமும் ஆக்சிஜனும் மேலும் பிணைப்புகளை உண்டாக்குகின்றன. ரப்பர் இறுகுகிறது, ஓசோன் பட்டு வெடிப்பும் விடுகிறது. கடையில் ஓடாமல் கிடக்கும் டயருக்கும் வயதாகும். நம் நாட்டு வெப்பம் அதை விரைவுபடுத்தும். சில டயர்களோ நெடுநாள் தேயாதிருக்கத் தொடக்கத்திலேயே கடினமான ரப்பரில் செய்யப்படுகின்றன. அவற்றின் ஈரப்பிடிப்பு குறையலாம்.

மலிவான டயரெல்லாம் மோசமல்ல. விலையோடு வயதையும் பார்க்க வேண்டும் என்பதே பாடம்.

செய்து பாருங்கள்: நின்றிருக்கும் காரின் டயர்ப் பக்கவாட்டில் ‘டி.ஓ.டி.’ என்ற ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அவ்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. இலக்கங்கள் இல்லையெனில் அவை டயரின் மறுபக்கத்தில் இருக்கும். பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். டயர் அவற்றின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக் கார் டயரின் வயது என்ன?