சாய்வுக்கோடும் புல எண்ணும்

நுழையும்முன்
நிறுத்தக்குறிகள் மனிதர்க்குப் பொருளை விளக்குவன. தேடுபொறியோ அவற்றுட் சிலவற்றை ஏவலாகக் கொள்கிறது. ஒரு குறியைக் குறியாகவே கொள்ளுமாறு அதற்கு உணர்த்தும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் நிலக்கோட்டை, ஆத்தூர், வேடசந்தூர் என எங்குச் சென்றாலும் நிலத்தை அடையாளங்காட்டுவது எண்ணே. பட்டாவில் புல எண்ணை அடுத்து ஒரு சாய்வுக்கோடும் அதன்பின் உட்பிரிவு எண்ணும் நிற்கும். 112/3 என்பது 112ஆம் புலத்தின் மூன்றாம் உட்பிரிவு. உடன்பிறந்தோர் பாகம் பிரிக்குந்தோறும் உட்பிரிவுகள் பெருகும். 112/3 ஒருவர்க்கும் 112/4 மற்றொருவர்க்கும் உரியனவாகலாம். வேலித்தகராறுகள் பல அந்தக் கோட்டின் வலப்பக்கத்து எண்ணில்தான் பிறக்கின்றன.

பழைய பத்திரங்களை ஒருவர் கணினியில் ஏற்றி, லூசீன் என்னும் தேடுபொறி நிரல்வழியே தேடுவதாகக் கொள்வோம். டக் கட்டிங் 1999இல் உருவாக்கிய இந்நிரல், 2012இல் வெளிவந்த 4.0 பதிப்பு முதல், இரு சாய்வுக்கோடுகளுக்கு இடைப்பட்டதைச் சொல்லாகக் கருதாமல் எழுத்தமைப்பைக் குறிக்கும் வாய்பாடாகக் கொள்கிறது. 112/3 என்று மட்டும் இட்டால், திறந்த கோடு மூடப்படாமையால் பிழைச்செய்தி வரும். அது நன்மையே. 112/3 112/4 எனச் சேர்த்து இட்டாலோ பிழைச்செய்தியும் வாராது. முதற்கோட்டுக்கும் இரண்டாங்கோட்டுக்கும் நடுவே அகப்பட்ட ‘3 112’ வாய்பாடாகிவிட, 112, 4 என்னும் எண்கள் தனித்து நிற்கும். தொடர்பற்ற பத்திரங்கள் குவியும். நிலம் வாங்கவிருப்பவர் அக்குவியலில் ஓர் அடமானப் பத்திரத்தைக் காணாது விடக்கூடும்.

இதற்குத் தீர்வு, குறிக்குமுன் ஒரு பின்சாய்வுக்கோடு இடுவது: 112\/3. தமிழ் எழுத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ‘க’வின் தலையில் புள்ளி இட்டால் உள்ளிருந்த அகரம் நீங்கி மெய் மட்டும் நிற்கிறது. அதுபோலப் பின்சாய்வுக்கோடு, அடுத்த குறியின் ஏவல் தன்மையை நீக்கி உருவை மட்டும் நிறுத்துகிறது. மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய இலக்கணம். ஓலையில் புள்ளியிடாமல் எழுதியபோதும் படிப்போர் இடம்நோக்கி உணர்ந்தனர். கணினிக்கு அப்பழக்கம் இல்லை. அடைப்புக்குறி, நட்சத்திரக்குறி, வினாக்குறி, முக்காற்புள்ளி முதலியவற்றுக்கும் இம்முறையே பொருந்தும். பின்சாய்வுக்கோட்டையே தேட வேண்டுமெனின் அதனை இரட்டித்து எழுதுக.

ஆயினும் ஏவலை நீக்கியதால் மட்டும் தேடல் முற்றுப்பெறாது. பொதுவான அமைப்பில் லூசீன் பத்திரத்தைச் சேமிக்கும்போதே சாய்வுக்கோட்டில் எண்ணை வெட்டி, 112, 3 என இரண்டாகப் பதிவுசெய்கிறது. எனவே "112/3" என இரட்டை மேற்கோளுக்குள் இடுவதே தக்கது. இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தை அது தேடும். மேற்கோளுக்குள் சாய்வுக்கோட்டுக்குக் காப்பும் வேண்டியதில்லை.

கூகுள் போன்ற பொதுத் தேடுபொறிகளில் பின்சாய்வுக்கோட்டுக்கு இப்பணி இல்லை. பெரும்பாலான குறிகளை அவை பொருட்படுத்துவதுமில்லை. கழித்தற்குறி அதற்கு விலக்கு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைத் தேடுபவர் ‘திண்டுக்கல் -பூட்டு’ என்று எழுதிவிட்டால், பூட்டைப் பற்றிய பக்கங்களே நீக்கப்படும். கோட்டுக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டால் அவை திரும்ப வந்துவிடும்.