மண்ணில் தொடங்கும் ஆராய்ச்சி: இளநிலை மாணவரும் உயிரியலும்

நம் கல்லூரிகளில் உயிரியல் பயிலும் இளநிலைப் பட்ட மாணவர்கள் மேற்கொள்ளும் செய்முறைப் பயிற்சிகளுள் பெரும்பாலானவற்றுக்கு விடை முன்னரே தெரிந்திருக்கும். அடிப்படைத் திறன்களைப் பெற இப்பயிற்சிகள் தேவையே. ஆயினும், எவருக்கும் விடை தெரியாத வினாவை எதிர்கொள்ளும்போதுதான் விஞ்ஞானத்தின் இயல்பு மாணவருக்குப் புலனாகிறது. அத்தகைய வினாவை முதலாண்டு மாணவரிடம் ஒப்படைக்க இயலுமா? அமெரிக்காவில் ஹவர்ட் ஹியூஸ் மருத்துவக் கழகமும் பிட்ஸ்பர்க் பல்கலைக் கழகமும் இணைந்து 2008-ஆம் ஆண்டில் பன்னிரண்டு கல்லூரிகளில் தொடங்கிய திட்டம், இயலும் என்று காட்டியுள்ளது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்வி நிலையங்கள் இதில் பங்கேற்கின்றன.

பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்

இம்மாணவர்கள் தேடுவது ‘பாக்டீரியோஃபேஜ்’ எனப்படும் வைரஸ்களை. இவை பாக்டீரியாவினுள் புகுந்து பெருகி, அதனை உடைத்துக்கொண்டு வெளிவருபவை. மனித செல்களைத் தாக்குவதில்லை. 1915-ல் டுவார்ட் என்பவரும் 1917-ல் தெரெல் என்பவரும் இவற்றைத் தனித்தனியே கண்டறிந்தனர். அதற்கு முன்னரே, 1896-ல், கங்கை, யமுனை ஆகியவற்றின் நீர் காலராக் கிருமிகளை அழிப்பதையும், கொதிக்க வைத்த நீர் அவ்வாற்றலை இழப்பதையும் ஹான்கின் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருந்தார். அதற்கு ஃபேஜ்கள் காரணமாக இருந்திருக்கலாம் என்று பின்னர் வந்தோர் கருதினர். 1927-ல் தெரெல் பஞ்சாபுக்கே வந்து, காலரா நோயாளிகளுக்கு ஃபேஜ்களை அளித்துப் பார்த்தார். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பரவியபின் இம்முறை பல நாடுகளில் கைவிடப்பட்டது. அம்மருந்துகளை எதிர்த்து வாழும் கிருமிகள் பெருகிவரும் இந்நாளில், அதன்மீது மீண்டும் கவனம் திரும்பியுள்ளது.

மாணவர் செய்வது என்ன?

மாணவர் தாம் விரும்பும் இடத்திலிருந்து சிறிதளவு மண்ணை எடுத்து வருகிறார். அதனைத் திரவத்தில் கலக்கி, பாக்டீரியா புக முடியாத நுண்துளை வடிகட்டியின் வழியே செலுத்துகிறார். வடிநீரை, காசநோய்க் கிருமியின் உறவினமாயினும் பொதுவாகத் தீங்கற்றதான ‘மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ்’ என்ற பாக்டீரியாவுடன் கலந்து, அகார் தட்டில் ஊற்றி வைக்கிறார். ஓரிரு நாட்களில் பாக்டீரியாப் படலத்தின் நடுவே தெளிந்த வட்டங்கள் தோன்றினால், அங்கு ஃபேஜ் உள்ளது என்பது பொருள். அதனைத் தூய்மைப்படுத்திப் பெயரிடும் உரிமையும் மாணவருக்கே உண்டு. பின்னர், ஏறத்தாழ 50,000 எழுத்துக்கள் கொண்ட அதன் மரபுச் செய்தியைக் கணினியில் ஆராய்ந்து, ஜீன்களை ஒவ்வொன்றாக வரையறுக்கிறார். அவற்றுள் பலவற்றின் பணி இன்னும் எவரும் அறியாதது.

கத்தரிக்காயிலிருந்து மருத்துவமனைக்கு

2010-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இத்தகைய பயிற்சியில் ஈடுபட்ட மாணவி ஒருவர், அழுகிய கத்தரிக்காயிலிருந்து ஒரு ஃபேஜைப் பிரித்தெடுத்தார். ‘சேறானது’ என்ற பொருளில் அதற்கு ‘மடி’ எனப் பெயரிடப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, லண்டனில் நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை பெற்ற 15 வயது நோயாளியின் உடலில், எம்மருந்துக்கும் கட்டுப்படாத ‘மைக்கோபாக்டீரியம் அப்ஸெஸஸ்’ கிருமி பரவியது. மாணவர்கள் சேகரித்த ஃபேஜ்களுள் தேடியபோது மூன்று பயன்படக்கூடும் எனத் தெரிந்தது. அவற்றுள் இரண்டு, செல்லினுள் உறங்கும் இயல்புடையவை. அவ்வியல்பைத் தரும் ஜீனை விஞ்ஞானிகள் நீக்கினர். மாற்றமின்றியே கிருமியைத் திறம்படக் கொன்றது ‘மடி’ மட்டுமே. நோயாளியின் புண்கள் ஆறின, நுரையீரலும் தேறியது. இவ்விவரம் 2019-ல் வெளியாயிற்று.

இதனை முழு வெற்றி என முழங்குதல் தகாது. 2022-ல் வெளியான அறிக்கையின்படி, இவ்வாறு சிகிச்சை பெற்ற 20 பேரில் 11 பேருக்கே நற்பலன் கிட்டியது. ஒவ்வொரு நோயாளியின் கிருமிக்கும் ஏற்ற ஃபேஜைத் தனித்தனியே தேட வேண்டியிருப்பதும் ஒரு தடையாகும். காசநோய்க் கிருமியோ நம் செல்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. அதனை ஃபேஜ் சென்றடையுமா என்பது தீராத வினா.

நமக்குரிய பாடம்

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். எனவே இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. கல்லூரிச் சோதனைக் கூடங்களை வலுப்படுத்த உயிரித் தொழில்நுட்பத் துறை 2008 முதல் ‘நட்சத்திரக் கல்லூரி’த் திட்டத்தை நடத்தி வருகிறது, 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஆராய்ச்சியுடன் கூடிய நான்காண்டுப் பட்டப்படிப்பைப் பரிந்துரைத்துள்ளது. வாய்ப்பு உண்டு; அதனைப் பயன்படுத்தும் முறையே முக்கியம்.

ஃபேஜைத் தேடும் முதற்கட்டத்துக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஆனால், கிருமிகளைக் கையாளும் பாதுகாப்பு விதிகளும், மாணவருடன் நிற்க ஆசிரியருக்கு நேரமும், கண்டெடுத்தவற்றைக் காத்து வைக்கும் உறைபெட்டியும், முறையான பதிவேடும் இன்றியமையாதவை. டர்பன் மாணவியின் கண்டுபிடிப்பு எட்டு ஆண்டுகளுக்குப் பின் பயன்பட்டதற்குக் காரணம், அது பதியப்பட்டுப் பேணப்பட்டதே. பயிற்சி முடிந்தவுடன் தட்டுகளோடு முடிவுகளும் அப்புறப்படுத்தப்படுமாயின், மாணவரின் உழைப்பு மதிப்பெண்ணோடு நின்றுவிடும். அதனைப் பேணும் ஏற்பாடும் திட்டச் செலவில் இடம்பெற வேண்டும்.