உழைப்பும் உணவும் கல்லீரலும்



'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்னும் முதுமொழியை அறியாதார் நம்மிடையே இலர். ஆயினும் நோய் என்றவுடன் காய்ச்சலும் வயிற்றுவலியுமே நம் நினைவுக்கு வருகின்றன. வலியின்றி, ஓசையின்றி, ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் வளரும் நோய்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய நோய்களுள் ஒன்று கல்லீரலில் கொழுப்புப் படிதல் ஆகும். இனிப்பு நீர் என்று நாம் வழங்கும் நீரிழிவு நோய்க்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. இவை நம் உணவோடும் உழைப்போடும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1. கல்லீரலின் பணி

கல்லீரல் நம் வயிற்றின் வலப்புறத்தில், விலா எலும்புகளின் அடியில் அமைந்துள்ளது. வளர்ந்த மனிதருக்கு அது ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடையுள்ளது. உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியதும் அதுவே. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைச் சுரப்பதும், இரத்தத்தில் சேரும் நச்சுப் பொருள்களை மாற்றி அகற்றுவதும், இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குவதும் அதன் பணிகளாகும்.

இவற்றோடு, உடலின் பண்டகசாலையாகவும் அது விளங்குகின்றது. நாம் உண்ட சோறு குடலில் செரித்துக் குளுக்கோசாகி, இரத்தத்தின் வழியே முதலில் கல்லீரலை அடைகின்றது. அவ்வேளையில் கணையம் இன்சுலின் என்னும் சுரப்பு நீரை அனுப்புகின்றது. 'வந்த சர்க்கரையைச் சேமித்து வை' என்பதே அதன் கட்டளை. கல்லீரல் ஏறத்தாழ 100 கிராம் அளவுக்குச் சர்க்கரையைக் கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கும். உடலின் தசைகள் எல்லாம் சேர்ந்து அதனினும் மூன்று நான்கு மடங்கு சேமிக்க வல்லவை. இரவில் நாம் உறங்கும்பொழுது, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சிறிது சிறிதாகச் சர்க்கரையை வெளியிட்டு மூளைக்கும் பிற உறுப்புகளுக்கும் ஊட்டுகின்றது.

2. பண்டகசாலை நிரம்பினால்

தசைகள் வேலை செய்யாதிருந்தால் அவற்றின் சேமிப்பு கரைவதில்லை. நிரம்பிய குதிரில் மேலும் நெல்லைக் கொட்ட இயலுமா? நாம் மேன்மேலும் உண்ணும்பொழுது மிகுதியான சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகின்றது. வயிற்றைச் சுற்றித் திரண்ட கொழுப்பிலிருந்தும் அதற்குக் கொழுப்பு வந்து சேர்கின்றது. அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் இரத்தத்தில் கலந்துவிடும். எஞ்சியது தன்னகத்தே தங்கிவிடும். கல்லீரலின் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புச் சேருமாயின், அதனைக் கொழுப்புக் கல்லீரல் என்பர்.

கொழுப்பு மண்டிய கல்லீரல் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை போதிய அளவு இருந்தும் அது மேலும் சர்க்கரையை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். இரவில் ஒன்றும் உண்ணாத ஒருவருக்குக் காலையில் சர்க்கரை ஏறி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும். நீரிழிவு நோய் இவ்வாறுதான் பலரிடத்தும் அடியெடுத்து வைக்கின்றது.

இந்நிலை நீடித்தால் சிலருக்குக் கல்லீரலில் அழற்சி உண்டாகும். பின் தழும்பு படியும். முடிவில் கல்லீரல் இறுகிச் சுருங்கும். புற்றுநோயும் தோன்றக்கூடும். தொடக்க நிலையில் பெரும்பாலோர்க்கு எந்த அறிகுறியும் தென்படாது.

'மது அருந்துவோர்க்கன்றோ கல்லீரல் கெடும்?' என்று சிலர் வினவுவர். மது கல்லீரலுக்குப் பெரும்பகை என்பதில் ஐயமில்லை. கள்ளும் சம்சுவும் நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தன என்பதை நாம் அறிவோம். ஆனால், மதுவையே தொடாதவரையும் கொழுப்புக் கல்லீரல் பற்றும். 2023ஆம் ஆண்டில் அனைத்துலகக் கல்லீரல் மருத்துவர் அமைப்புகள் இந்நோய்க்குப் புதுப்பெயர் சூட்டி, இது உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றைச் சார்ந்தது என்பதை அப்பெயரிலேயே உணர்த்தியுள்ளன.

3. நம் மக்களின் நிலை

நம் முன்னோர் விடியுமுன்னே எழுந்து பிரட்டுக்குச் சென்றனர். பின் நிரைநிரையாக நானூறு, ஐந்நூறு பால்மரங்களைச் சீவினர். பால் வாளிகளைத் தோளில் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தனர். மாலையில் காய்கறித் தோட்டத்தைக் கொத்தினர். ஆடு மாடுகளுக்குப் புல் அறுத்தனர். அவர்கள் உண்ட சோற்று மலையும், குடித்த இனிப்புத் தேநீரும் அவ்வுழைப்பில் கரைந்து போயின. அவ்வுணவு அவ்வுழைப்பிற்கு ஏற்றதாக இருந்தது.

பின்னர்க் காலம் மாறியது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. 1980களிலும் 1990களிலும் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்களுள் பலர் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன்னும், அலுவலகத்தில் மேசையின் முன்னும், சாலையில் வாகனத்தின் உள்ளும் அமர்ந்து பொருளீட்டத் தொடங்கினர். உழைப்பின் தன்மை மாறிற்று. தட்டில் இடும் சோற்றின் அளவோ மாறவில்லை. அதனோடு பொரித்த கோழியும், ரொட்டி சானாயும், டின் பால் கலந்த தே தாரிக்கும், புட்டிகளில் அடைத்த இனிப்புப் பானங்களும் வந்து சேர்ந்தன. உழைப்பு நம்மை விட்டுப் போயிற்று. உழைப்பாளியின் உணவு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. நம் துன்பத்தின் வேர்களுள் இது முதன்மையானது.

சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் மேற்கொண்ட தேசிய ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக, அஃதாவது ஏறத்தாழ மூவருள் ஒருவராக இருந்தது. நம் இனத்தவர்க்கு உடல் பருமனாகத் தோன்றாவிடினும் வயிற்றினுள் கொழுப்புத் திரளும் இயல்பு மிகுதி. ஆகவே, நிறுவைக் கருவியோடு அளவு நாடாவும் நமக்கு வேண்டும். இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால், அதனை எச்சரிக்கை மணியாகக் கொள்ளல் வேண்டும்.

4. உடற்பயிற்சி செய்யும் நன்மை

தசை இயங்கும்பொழுது, இன்சுலினின் உதவியை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும் ஆற்றல் பெறுகின்றது. பயிற்சி முடிந்த பின்னும் ஒரு நாள் அளவுக்குத் தசைகள் இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கின்றன. தசைகளில் இடம் உண்டானால் கல்லீரலின் சுமை குறையும். உடல் எடை குறையாவிடினும், இடைவிடாத பயிற்சியினால் கல்லீரலின் கொழுப்புக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலின், 'நடந்தும் எடை குறையவில்லையே' என்று மனம் தளர வேண்டா.

வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற மிதமான பயிற்சியைச் செய்தல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்திற்கு 5 நாள் என்றால் கணக்குச் சரியாகும். 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அந்நிறுவனம் கூறும் அளவு சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாகும். உடற்கல்விப் பாடவேளை மட்டும் இதற்குப் போதாது. பந்து விளையாடுதல், கயிறு தாண்டுதல், சடுகுடு, மிதிவண்டி ஓட்டுதல், வீட்டுப் பின்புறத்தில் மண்வெட்டி பிடித்தல் ஆகிய யாவும் பயிற்சியே.

5. உணவில் வேண்டும் ஒழுங்கு

உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பவருக்கு மருந்து வேண்டா என்னும் கருத்தைத் திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வலியுறுத்தினார். நம் சுகாதார அமைச்சும் மலாய் மொழியில் 'சூக்கு சூக்கு செப்பாரோ' என்று எளிய வழியொன்றைக் காட்டுகின்றது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு ஆகியவற்றுள் ஒன்று, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்பது அதன் பொருள். சோற்றை முற்றாக விலக்க வேண்டியதில்லை. அதன் எல்லையைக் குறுக்கினால் போதும். முருங்கைக்கீரை, வெண்டை, புடலை, பாகல், கங்கோங் ஆகியவை நம் வேலியோரத்திலேயே விளைவன அல்லவா?

இனிப்புப் பானங்களைத் தனியே குறிப்பிடல் வேண்டும். சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி புருக்டோஸ் ஆகும். புருக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரலே கையாள வேண்டியுள்ளது. அது மிகுந்தால் எளிதில் கொழுப்பாக மாறுகின்றது. பானங்களில் கரைந்த சீனி வயிற்றையும் நிரப்பாது, பசியையும் தணிக்காது.

மாணவர்களே, இதோ ஒரு கணக்கு. ஒரு பானத்தின் 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனி உள்ளதாக அட்டையில் அச்சிட்டுள்ளனர். 325 மில்லிலிட்டர் கொள்ளும் டின்னில் எத்தனை கிராம் சீனி இருக்கும்? விடை 32.5 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம் எனக் கொண்டால் ஆறரைத் தேக்கரண்டி! நாளொன்றுக்கு 1,600 கலோரி உண்ணும் சிறுவனுக்கு, உலகச் சுகாதார நிறுவனத்தின் 10 விழுக்காடு வரம்பின்படி, உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சீனி 40 கிராமைத் தாண்டலாகாது. அதில் பாதியே சிறந்தது. ஒரே டின் அவ்வரம்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றதன்றோ?

6. மீட்சி உண்டு

கல்லீரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள வல்ல உறுப்பு. மிகை எடை உள்ளவர் தம் எடையில் 5 விழுக்காட்டைக் குறைத்தாலே கல்லீரலின் கொழுப்புக் குறையத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைப்பின் அழற்சியும் பலருக்குத் தணியும். 80 கிலோகிராம் எடையுள்ள தந்தைக்கு 5 விழுக்காடு என்பது 4 கிலோகிராமே. இதனைச் சில மாத காலத்தில் படிப்படியாகச் செய்தல் வேண்டும். பட்டினி கிடத்தல் தகாது. வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடுதல் ஒருபொழுதும் கூடாது. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே உணவையும் பயிற்சியையும் மாற்றல் வேண்டும். 'கல்லீரலைக் கழுவும்' என்று விளம்பரம் செய்யப்படும் பெயர் தெரியாத பொடிகளை நம்பி மோசம் போகாதீர்கள். அவற்றுள் சில கல்லீரலையே கெடுப்பன.

பெற்றோர்களே! இரத்தப் பரிசோதனையை நாள் கடத்தாமல் செய்துகொள்ளுங்கள். பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் சரியாக இருந்தும் கொழுப்புப் படிந்திருக்கக்கூடும். ஆகவே இடுப்பு அகன்றவரும் நீரிழிவு உள்ளவரும் மருத்துவரிடம் கல்லீரலைப் பற்றியும் கேட்டறிதல் நலம். பிள்ளைகள் நாம் சொல்வதைக் காட்டிலும் நாம் செய்வதையே பின்பற்றுவர். மாலையில் தந்தை நடந்தால் மகனும் உடன் நடப்பான். தாயின் தட்டில் கீரை இருந்தால் மகளின் தட்டிலும் கீரை இருக்கும்.

நம் முன்னோர் தம் உழைப்பால் நமக்குக் கல்வியைத் தேடித் தந்தனர். அக்கல்வியின் பயனை நாற்பது வயதில் நோயிடம் பறிகொடுத்தல் முறையாகுமா? அளவறிந்து உண்போம், நாள்தோறும் உடலை இயக்குவோம், நலமுடன் நெடிது வாழ்வோம்!

பயிற்சி

1. உறங்கும்பொழுது உடலுக்குச் சர்க்கரையை வழங்கும் உறுப்பு எது?
2. நம் முன்னோர் மிகுதியாகச் சோறு உண்டும் அது அவர்களிடத்தில் கொழுப்பாகத் தேங்காமைக்குக் காரணம் யாது?
3. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் வாங்கும் இனிப்புப் பானங்களின் அட்டைகளைப் படித்து, அவற்றிலுள்ள சீனியைத் தேக்கரண்டிக் கணக்கில் எழுதுக.
4. இன்றிரவு உண்ணும் தட்டைப் படமாக வரைந்து, அதில் சோறு எத்தனை பங்கு என்பதைக் குறித்து, பெற்றோரிடம் காட்டுக.