அடுப்படியைப் பார்த்துவிட்டு விலை பேசு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும் மூன்று குங்குமாதி தைல சாம்பிள்களும் வந்து சேர்ந்தன. எதை உன் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மூன்றையும் முகர்ந்தேன், புறங்கையில் தடவினேன், வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டும் பார்த்தேன். இவ்வளவை மட்டும் வைத்துப் பதில் சொல்வது உனக்குச் செய்கிற நியாயமாகாது. தைலத்தின் தரம் அடுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. பாட்டிலுக்கு வந்தபின் மணமும் நிறமும் சொல்லும் சாட்சியை நம்ப முடியாது, ஏனென்றால் சேர்க்க நினைக்கிறவர்கள் முதலில் சேர்ப்பது அந்த இரண்டையும்தான். அதனால் எந்த சாம்பிள் என்பதை விட்டுவிட்டு, எப்படி வாங்க வேண்டும் என்று எழுதுகிறேன். உன்னைப் போல் சொந்த லேபிளோடு சருமப் பராமரிப்புத் தொழிலுக்கு வருகிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. தனியாக அளவு சொல்லப்படாத யோகங்களுக்கு, அதாவது மருந்துக் கலவைகளுக்கு, ஆயுர்வேத சாஸ்திரத்தில் ஒரு பொது விதி உண்டு: கல்கம் என்கிற அரைத்த மருந்து ஒரு பங்கு, எண்ணெய் நாலு பங்கு, திரவம் பதினாறு பங்கு. 100 லிட்டர் தைலத்துக்கு ஏறக்குறைய 25 கிலோ அரைத்த மருந்தும் 400 லிட்டர் கஷாயமும் வேண்டும். அந்தக் கஷாயம் எப்படி வரும்? கடினமான பட்டை, வேர் என்றால் பதினாறு மடங்கு தண்ணீர் விட்டு நாலில் ஒன்றாக வற்றக் காய்ச்ச வேண்டும். அதாவது 100 கிலோ பட்டைக்கு 1600 லிட்டர் தண்ணீர். கஷாயம் ஆகும்போது 1200 லிட்டரும், எண்ணெயோடு கொதிக்கும்போது மீதி 400 லிட்டரும் ஆவியாகப் போன பிறகுதான் அந்த 100 லிட்டர் தைலம் இறங்கும். அத்தனைக்கும் விறகோ கொதிகலன் எரிபொருளோ வேண்டும், பக்கத்தில் நின்று கிளற ஆள் வேண்டும், நாள் வேண்டும். நல்லெண்ணெயின் மொத்த விலைக்கு மேல் லிட்டருக்குச் சில பத்து ரூபாய் மட்டும் கூட்டி ஒருவர் தைலம் தருகிறார் என்றால், இந்தக் கணக்கில் ஏதோ ஒன்றை அவர் செய்யவில்லை. எதைச் செய்யவில்லை என்று நேரடியாகக் கேள்.

எண்ணெயில் கரையும் மூலிகைச் சாரங்களைத் தயாராக வாங்கி, சூடான எண்ணெயில் கலந்து, வாசனை சேர்த்துத் தருவது ஒரு வழி. அதை மோசடி என்று ஒட்டுமொத்தமாக நான் சொல்ல மாட்டேன். செய்ததைச் செய்தபடி சொல்லி விற்றால் வாங்குகிறவர் யோசித்து வாங்கிக்கொள்வார். அதற்கு அஷ்டாங்க ஹிருதயத்து யோகத்தின் பெயரை வைத்து, பாரம்பரிய முறையில் காய்ச்சியது என்று லேபிளில் அச்சடிப்பதுதான் எனக்குப் பொறுக்காது. உன் பெயரில் அது நடக்கக் கூடாது.

குங்குமாதியையே எடுத்துக்கொள். குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி, அதிமதுரம், வெட்டிவேர், கொம்பரக்கு முதலான சரக்குகளை நல்லெண்ணெயிலும் ஆட்டுப்பாலிலும் காய்ச்சி எடுப்பது அது. வாடிக்கையாளர்கள் சிவப்பைப் பார்த்து மயங்குவார்கள், நீயும் உன் கடிதத்தில் மிகச் சிவந்த சாம்பிளைத்தான் புகழ்ந்திருக்கிறாய். குங்குமப்பூவுக்கு நிறம் தருகிற குரோசின் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பளிச்சென்ற சிவப்பு, குங்குமப்பூ இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. மஞ்சிட்டி ஓரளவு செம்மை தரும். ரத்தன்ஜோத் வேரைச் சூடான எண்ணெயில் போட்டால் அடர்ந்த சிவப்பு தானாக இறங்கிவிடும், தொழிலில் இருக்கிற எல்லோரும் அறிந்த வழி அது. ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஒன்றரை லட்சம் பூக்கள் வரை பறிக்க வேண்டியிருக்கும்போது, அதை யாரும் கைநிறைய அள்ளிப் போட மாட்டார்கள். எந்த பேட்சுக்கு எத்தனை கிராம் போட்டார்கள், அது வாங்கிய பில் எங்கே, ஐஎஸ்ஓ 3632 தரத்தின்படி அதன் நிற வலிமை சோதிக்கப்பட்டதா, இவற்றைக் கேள். பதில் சொல்கிறவர் முகம் சுளிக்காமல் ரெஜிஸ்டரைத் திறந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. உன் லேபிள் மாதிரியில் வீகன் என்று போட்டிருக்கிறாய். கொம்பரக்கு ஒரு பூச்சியிடமிருந்து வருவது, ஆட்டுப்பால் ஆட்டிடமிருந்து வருவது. இரண்டும் இல்லாமல் செய்தால் அது அந்த யோகம் இல்லை. இரண்டும் இருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு, திருச்சூர் வரை தைலம் காய்ச்சுகிற இடங்கள் நிறைய. சாம்பிள் வாங்கும் முன் போய்ப் பார். வரவேற்பறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடாதே. கல்கம் அரைக்கும் இடம், உருளி இருக்கும் இடம், காய்ச்சி இறக்கியபின் பிழிந்த சக்கை கிடக்கும் இடம், இந்த மூன்றையும் பார்க்க அனுமதி கேள். சக்கை மிக முக்கியம். மாதத்துக்கு ஆயிரம் லிட்டர் தைலம் காய்ச்சுகிறேன் என்பவரிடம் மருந்துச் சக்கை குவியலாகக் கிடக்க வேண்டும், அல்லது அதை எங்கே அனுப்புகிறார் என்றாவது சொல்லத் தெரிய வேண்டும்.

பதம் பார்க்கிற ஆள் யார் என்று தெரிந்துகொள். முடிந்தால் அவர் பக்கத்தில் நில். கல்கத்தை விரலிடையில் உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடவென்று வெடிக்கக் கூடாது, வெடித்தால் தண்ணீர் இன்னும் நிற்கிறது என்று அர்த்தம். நெய் என்றால் பதம் வரும்போது நுரை அடங்கும், தைலத்தில் நுரை எழும்பும். மூக்கில் விடுவதற்கு மிருது பாகம், உடம்பில் தேய்க்கக் கர பாகம், எல்லாவற்றுக்கும் பொதுவாக மத்திமம் என்று சார்ங்கதரர் பிரித்து வைத்திருக்கிறார். உனக்கு வேண்டிய பாகம் எது என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுது. முகத்துக்கான எண்ணெயில் ஈரம் நின்றுவிட்டால் சில மாதத்தில் காறல் வாடை எடுக்கும். கருகினாலோ, எவ்வளவு வாசனை சேர்த்தாலும் அந்தத் தீய்ந்த மணம் அடியில் இருந்துகொண்டே இருக்கும்.

அடிப்படை எண்ணெய்க்கு வருகிறேன். ஈரோட்டுப் பக்கம் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள் ஏலம் நடக்கிறது, காங்கேயம் வட்டாரத்தில் கொப்பரைக் களங்களும் ஆலைகளும் இருக்கின்றன. இவ்வளவு பக்கத்தில் நல்ல சரக்கு இருக்கும்போது, உன் தைலத்தில் லிக்விட் பாரஃபின் கலந்திருந்தால் அதற்குச் சமாதானமே கிடையாது. நல்லெண்ணெயின் சப்போனிஃபிகேஷன் எண் 188க்கும் 193க்கும் இடையில் இருக்கும், தேங்காயெண்ணெய்க்கு 250ஐ ஒட்டியோ அதற்கு மேலோ. பாரஃபின் காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறாது, ஆகவே அது கலந்தால் இந்த எண் இறங்கும். மருந்து சேர்ந்த எண்ணெயில் சிறிய வேறுபாடு வரலாம், ஆனால் தெளிவாகக் கீழே போயிருந்தால் அந்த டின்னைத் தொடாதே. தேங்காயெண்ணெயில் எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெயைக் கலந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அயோடின் எண் 10ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும், சந்தேகம் தீரவில்லை என்றால் கொழுப்பு அமிலப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். அமில எண், பெராக்சைடு எண் இரண்டும் எண்ணெய் எவ்வளவு பழசு என்று சொல்லும். கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டார்களா என்றும் விசாரி.

சப்ளையர் தருகிற சிஓஏ என்ற பகுப்பாய்வுச் சான்றிதழில் இந்த எண்கள் இருக்கும். ஒவ்வொரு பேட்சுக்கும் அதே எண்கள் புள்ளி மாறாமல் வந்தால், தேதியை மட்டும் மாற்றி அச்சடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள். முதல் சில பேட்சுகளையாவது என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு உன் செலவில் அனுப்பு. ஆயுர்வேத மருந்துகளுக்கான கன உலோக வரம்பு ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம். பட்டையும் வேரும் மண்ணிலிருந்து எதையும் இழுத்து வரும், ஆகவே இந்தச் சோதனையில் காசு மிச்சம் பிடிக்காதே.

லைசென்ஸ் விஷயத்தில் உனக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். 20 லிட்டர் டின்னில் தைலம் வாங்கி, வீட்டு மாடியில் சின்ன பாட்டில்களில் ஊற்றி, லேபிள் ஒட்டி விற்கலாம் என்று எழுதியிருக்கிறாய். 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டத்தில், விற்பனைக்காகப் பிரித்து அடைப்பதும் லேபிள் ஒட்டுவதும் கூட உற்பத்தி என்ற சொல்லுக்குள் வருகின்றன. உற்பத்திக்கு லைசென்ஸ் வேண்டும். பாட்டிலில் நிரப்புவது, மூடி போடுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் லைசென்ஸ் உள்ள கூடத்திலேயே நடக்கட்டும். ஆயுர்வேத மருந்தாக விற்க நினைத்தால் உற்பத்தியாளரிடம் 25-டி படிவ லைசென்ஸும் ஷெட்யூல் ‘T’-யின்படி தயாரிப்புத் தரச் சான்றிதழும் இருக்க வேண்டும். அழகுசாதனம் என்றால் 2020 விதிகளின்படி சிஓஎஸ்-8 படிவ லைசென்ஸ். இன்னொருவர் கூடத்தில் உன் பெயரில் தயாரிக்க, உனக்கென்று லோன் லைசென்ஸ் எடுக்கவும் வழி உண்டு. எந்த வழியில் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய், ஏனென்றால் லேபிளில் என்ன சொல்லலாம் என்பது அதைப் பொறுத்தது. அழகுசாதன லைசென்ஸில் விற்றுக்கொண்டு சரும நோயைக் குணமாக்கும் என்று எழுத முடியாது. வெண்புள்ளிக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது.

வெண்புள்ளி என்றதும் கார்போகரிசி, அதாவது பாகுசி, நினைவுக்கு வருகிறது. உன் அடுத்த பட்டியலில் பாகுசி எண்ணெய் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வெளிநாட்டு கிரீம்களில் பேசப்படும் பாகுசியால் என்பது அந்த விதையிலிருந்து தனியாகப் பிரித்துச் சுத்திகரித்த ஒரு பொருள். விதையை அப்படியே எண்ணெயில் காய்ச்சினால் சொராலனும் கூட வரும். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துபோகும், கொப்புளமே வரலாம். வெண்புள்ளிக்கு வைத்தியர் மேற்பார்வையில் அதைப் பயன்படுத்துவதற்குக் காரணமும் அந்தக் குணமே. முகப் பொலிவுக்கென்று அதைப் பாட்டிலில் அடைத்து, வைத்தியரைப் பார்க்காத ஒரு பெண்ணின் கையில் கொடுக்காதே. பட்டியலிலிருந்து இன்றே அடித்துவிடு.

ஏலாதியைப் பற்றியும் கேட்டிருந்தாய். உள்ளூரில் விற்கச் சிறந்த தைலம், நிதானமாகச் செய்யலாம். ஐரோப்பாவுக்கு அனுப்புவது என்றால் யோசி. அந்த யோகத்தில் கோஷ்டம் இருக்கிறது. காட்டுயிர் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ள செடி அது. அதன் வேர் எண்ணெயை வாசனைப் பொருளாகச் சேர்ப்பதை ஐரோப்பிய அழகுசாதன விதிகள் தடை செய்திருக்கின்றன. தென்னாட்டு யோகங்களில் வருகிற மரமஞ்சளும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அருகிப்போன கொடி. விருதுநகர்ச் சந்தையிலோ சென்னை ராசப்ப செட்டித் தெருவிலோ கேட்டால் கிடைக்கும், ஆனால் எந்தக் காட்டிலிருந்து யார் வெட்டியது என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். அதைக் கேட்கிற சப்ளையரைத் தேடு. அப்படிப்பட்டவரின் விலை கூடுதலாக இருக்கும், கொடு.

பேரம் பேசும்போது பாட்டிலிலும் அட்டைப் பெட்டியிலும் பேசு, கல்கத்தில் பேசாதே. உன் விலைக்குள் அடங்க வேண்டும் என்று நீ அழுத்தினால், குறைவது முதலில் உருளிக்குள் போகிற மருந்துதான், அது உனக்குத் தெரியவும் தெரியாது. ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்கட்டும். உன்னிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் எந்தச் சரக்கையும் மாற்றக் கூடாது. ஒவ்வொரு பேட்சின் தயாரிப்புப் பதிவேட்டு நகலும் சரக்கோடு வர வேண்டும்.

ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பாட்டிலைத் தேதி எழுதி, இருட்டான அலமாரியில் காலாவதித் தேதி கடந்தும் வைத்திரு. யாராவது முகம் தடித்துவிட்டது என்று எழுதினால் சண்டைக்குப் போகாதே, பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாயடைக்கவும் பார்க்காதே. தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல், பேட்ச் எண்ணைக் கேள், அந்த பேட்சின் விற்பனையை அன்றே நிறுத்து, அலமாரியில் இருக்கும் பாட்டிலைத் திறந்து பார்த்து ஆய்வகத்துக்கு அனுப்பு, உற்பத்தியாளருக்கும் எழுத்தில் தெரிவி. முடிவு வந்ததும், அது உனக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், அந்த வாடிக்கையாளருக்கு அப்படியே அனுப்பு.